310 மீட்டர் லேனுக்குப் 14 மாதம்

எங்கள் லேனில் மிகப் பழைய வீடு டீச்சருடையது. "எங்கட வாசலுக்கு மூண்டு படி இருந்தது தம்பி, ஏறித்தான் உள்ளுக்கு வரவேணும்" என்று அவர் அடிக்கடி சொல்வார். நான் குடிவந்த காலத்தில் அங்கே ஒரு படிகூட இருக்கவில்லை. வீதியும் அவர் வாசலும் ஒரே மட்டத்தில் இருந்தன. படிகளை யாரும் உடைக்கவில்லை. சில வருடங்களுக்கு ஒருமுறை யாரோ ஒருவரிடம் சொல்லி வீதிக்குத் தார்க் காப்பெட் போட்டார்கள். ஒவ்வொரு தடவையும் பழையதைச் சுரண்டாமல் அதன் மேலேயே நாலு, ஐந்து சென்ரிமீட்டர். படிகள் மூன்றும் இன்னும் அங்கேதான் இருக்கின்றன, தாருக்குக் கீழே.

இடம் கொழும்பில் பாமன்கடைப் பக்கம். ஒரு முனை பெரிய வீதியில், மறு முனை கால்வாய்க் கரையில் முட்டி நிற்கும் லேன். 26 வீடுகள். 2023 நவம்பர் மழையில் டீச்சர் வீட்டுக்குள் முழங்காலளவு தண்ணீர். இரவு பதினொரு மணிக்கு நாலு பேர் சேர்ந்து அவருடைய குளிர்சாதனப் பெட்டியைத் தூக்கிச் சீமெந்துக் கல்லின் மேல் வைத்தோம். அடுத்த ஞாயிறு எல்லாரும் கூடிப் பேசினோம். பேசி எடுத்த முடிவு என்ன தெரியுமா? மாநகர சபையிடம் இன்னொரு தடவை காப்பெட் கேட்பது.

"பொறுங்கோ" என்று நான் வாயைத் திறந்தேன். அதோடு வேலை முழுவதும் என் தலையில் விழுந்தது.

நான் சிவில் பொறியியலாளன். போருக்குப் பிறகு வடக்கிலும் கிழக்கிலும் நூறு கிலோமீட்டருக்குக் குறையாத வீதிகளின் வடிவமைப்பில் இருந்திருக்கிறேன். 310 மீட்டர் லேன் எல்லாம் ஒரு வேலையா என்று நினைத்து, இரண்டு மாதத்தில் முடித்துத் தருகிறேன் என்று எல்லார் முன்னாலும் சொன்னேன். அளவையாளர் வந்தது 2024 ஜனவரியில். கடைசிக் கல் பதித்தது 2025 மார்ச்சில்.

அப்போது ஓடிப்போய்ச் சொல்ல ஓர் உறுப்பினரும் இல்லை. 2023 மார்ச்சில் உள்ளூராட்சி சபைகளின் காலம் முடிந்துபோய், சபை ஆணையாளரின் கீழ் நடந்துகொண்டிருந்தது. ஒரு வகையில் அது நல்லதாய்ப் போயிற்று. உறுப்பினர் இருந்திருந்தால் இரண்டு கிழமையில் காப்பெட் வந்திருக்கும். பொறியியல் பிரிவில் இருந்தவர் ஒளிவுமறைவு இல்லாமல் பேசினார். காப்பெட்டுக்கு ஒதுக்கீடு இருக்கிறது, மழைத் தண்ணீர் ஓடும் கான் கட்ட வடிவமைப்பு இல்லை, வரைபடமும் கணக்கும் தயாரித்துத் தந்தால் நாங்கள் சரிபார்த்து எங்கள் பெயரில் எடுத்துப்போகிறோம் என்றார். ஆகவே விண்ணப்பதாரர் மாநகர சபை. கோப்பைச் சுமந்து திரிந்தது நான்.

அளவைக்கு வீட்டுக்கு 5,000 ரூபாய் சேர்த்தோம். மட்டங்கள் கைக்கு வந்ததும்தான் விஷயம் புரிந்தது. லேனின் தலைப்பிலிருந்து கால்வாய் வரைக்கும் மொத்தச் சரிவு 62 சென்ரிமீட்டர். அதாவது 500க்கு 1. தண்ணீர் ஓடும், ஆனால் அவசரமில்லாமல் ஓடும். லேனின் அகலம் மதிலுக்கு மதில் 4.2 மீட்டர் தொடக்கம் 5.8 மீட்டர் வரை. அதற்குள் சிலருடைய கேட் சரிவுகளும் ஒருவருடைய சுவாமி மாடமும் வீதிக்குள் நீட்டிக்கொண்டு நின்றன.

அப்புறம் டீச்சர் வீட்டுக்கு முன்னால் ஒரு சோதனைக் குழி வெட்டினோம். ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர். லேன் பிள்ளைகள் எல்லாம் சுற்றி நின்றார்கள். வெட்டு முகத்தைத் தண்ணீர் ஊற்றிக் கழுவிவிட்டுப் பார்த்தால், நாலு தார்ப் படைகள் ஒன்றின் மேல் ஒன்றாகத் தெளிவாகத் தெரிந்தன. மேலே இருந்த இரண்டும் இயந்திரத்தால் போட்ட காப்பெட். கீழே இருந்த இரண்டும் கையால் தார் ஊற்றிச் சல்லி தூவிய அந்தக் காலத்து வேலை. மொத்தம் 23 சென்ரிமீட்டர். அதற்குக் கீழே கருங்கல் அடுக்கு, அதற்கும் கீழே கறுத்த, பஞ்சு போன்ற சதுப்பு மண். அதைக் கையில் எடுத்துப் பிழிந்தேன். விரலிடுக்கில் தண்ணீர் வந்தது, அழுகின இலை மணத்தோடு. ஒரு காலத்தில் இந்த இடம் என்னவாக இருந்தது என்பதற்கு வேறு சாட்சி வேண்டியதில்லை.

மண்ணின் பலம் பார்க்க டி.சி.பி. கம்பி இறக்கினோம். எட்டுக் கிலோ சுத்தியல் 575 மில்லிமீட்டர் உயரத்திலிருந்து விழும். சுத்தியல் ஒரு தடவை விழும்போது கம்பி எவ்வளவு இறங்குகிறது என்று பார்க்க வேண்டும். நல்ல கிரவல் மண்ணில் ஒரு சென்ரிமீட்டர் இறங்கினாலே அதிகம். இங்கே எட்டுச் சென்ரிமீட்டர் இறங்கியது. மண்ணின் தாங்குதிறனைச் சொல்லும் சி.பி.ஆர். மூன்று வீதம் அளவில் வரும். இந்த மண்ணில் போட்ட வீதி இவ்வளவு காலம் நின்றதே பெரிய காரியம். ஆனால் எனக்கு முதல் கவலை வீதி இல்லை, கான்.

லேனுக்கும் இரண்டு பக்க வீடுகளுக்கும் சேர்த்து மழை விழும் பரப்பு 1.9 ஹெக்டேயர். கூரை, சீமெந்து முற்றம், தார். மண் என்று சொல்ல இரண்டு வீட்டு மாமரத்தடிதான். எனவே விழுகிற மழையில் 85 வீதம் ஓடிவரும் என்று எடுத்தேன். மணிக்கு 100 மில்லிமீட்டர் வீதத்தில் கொட்டினால் விநாடிக்கு ஏறத்தாழ 450 லீட்டர். மொட்டை மாடியில் வைத்திருக்கிறோமே 1000 லீட்டர்த் தாங்கி, அதை இரண்டேகால் விநாடியில் நிரப்புகிற தண்ணீர். லேனில் அப்போது இருந்தது ஒன்பது அங்குலக் கொங்கிரீட் ஹியூம் பைப் ஒன்று. அந்தச் சரிவில் அது துப்புரவாக இருந்தால்கூட விநாடிக்கு 20 லீட்டர்தான் கொண்டுபோகும். துப்புரவாக இருந்ததா என்று கேட்காதீர்கள்.

600 மில்லிமீட்டர் அகலம், 750 மில்லிமீட்டர் ஆழம் உள்ள கொங்கிரீட் கான் வைத்தால் விநாடிக்கு 480 லீட்டர் போகும். கணக்குச் சரி. ஆனால் 4.2 மீட்டர் லேனில் சுவர்களோடு சேர்த்து 900 மில்லிமீட்டரை அதுவே தின்றுவிடும். அதனால் மேலே வாகனம் ஏறத் தாங்கும் மூடி வேண்டும், துப்புரவாக்கத் தூக்கவும் முடிய வேண்டும். இரும்புக் கம்பி மூடி என்று முதலில் வரைந்தேன். பக்கத்து வீட்டு அண்ணை வரைபடத்தைப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "வெள்ளிக்கிழமை போட்டால் திங்கட்கிழமை பழைய இரும்புக் கடையில இருக்கும்." கொங்கிரீட் மூடிக்கு மாறினேன்.

இனி அனுமதிகள். இதை எழுத உட்கார்ந்ததே இதற்காகத்தான்.

சுற்றாடல் அனுமதி எங்களுக்குத் தேவையே இல்லை என்று நான் உறுதியாக இருந்தேன். 1980ஆம் ஆண்டு 47ஆம் இலக்கத் தேசிய சுற்றாடல் சட்டத்தின் கீழ், எந்தெந்தத் திட்டங்களுக்கு முன் அனுமதி வேண்டும் என்று 1993 ஜூன் 24ஆம் திகதிய 772/22 இலக்க வர்த்தமானியில் பட்டியல் இருக்கிறது. வீதி என்று வரும்போது அதில் சொல்லியிருப்பது 10 கிலோமீட்டருக்கு மேற்பட்ட தேசிய, மாகாண நெடுஞ்சாலைகளின் கட்டுமானம். எங்களுடையது 310 மீட்டர். இதை நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு பொறியியல் பிரிவில் சொன்னேன். அவர் அமைதியாகக் கேட்டார். "சேர், நீங்கள் சொல்வது சரி. ஆனால் தேவையில்லை என்று அவர்கள் எழுதித் தந்த தாள் எங்கே?"

தேவையில்லை என்பதற்கும் ஒரு தாள் தேவை. அதை வாங்க மத்திய சுற்றாடல் அதிகார சபையின் அடிப்படைத் தகவல் வினாக்கொத்தை நிரப்பிக் கொடுக்க வேண்டும். என்ன வேலை, எங்கே, காணி யாருடையது, பக்கத்தில் என்ன இருக்கிறது, எத்தனை மரம் வெட்டுவீர்கள், என்ன கழிவு வரும் என்று கேள்விகள். ஒரு பின்னேரம் உட்கார்ந்து அரை மணித்தியாலத்தில் நிரப்பினேன். பாதிக் கேள்விகளுக்கு "இல்லை". தோண்டும் மண்ணை என்ன செய்வீர்கள் என்ற இடத்தில் "ஒப்பந்தக்காரர் அகற்றுவார்" என்று எழுதினேன். வீதி வேலை செய்பவர்கள் எல்லாரும் அப்படித்தான் எழுதுவோம். நானே நூறு தடவை எழுதியிருப்பேன்.

சில கிழமை கழித்து இடம் பார்க்க ஓர் அதிகாரி வந்தார். என் மகளின் வயதுதான் இருக்கும். கையில் என் படிவம். நான் எழுதிய அந்த ஒரு வரியைச் சுற்றிச் சிவப்புப் பேனையால் வட்டம். "எங்கே அகற்றுவார்?" என்று கேட்டார். எனக்குப் பதில் இல்லை. கொழும்பில் அந்தக் கேள்விக்கு வழக்கமான பதில், யாராவது ஒருவரின் பள்ளக் காணியில். அந்தப் பள்ளக் காணிதான் மழைத் தண்ணீர் போய் நிற்கும் இடம். 2018இல் கொழும்பு, ஈரநிலங்களைக் காக்கும் சர்வதேச ராம்சர் உடன்படிக்கையின் கீழ், ஈரநில நகரம் என்று அங்கீகாரம் பெற்றது. அந்த ஈரநிலத்தின் ஓரத்தை நிரப்புகிற மண் இப்படி ஒவ்வொரு லேனிலிருந்தும்தான் போகிறது. என் லேனின் வெள்ளத்தைப் பக்கத்து ஊர் வெள்ளமாக்கி அனுப்ப நானே "ஒப்பந்தக்காரர் அகற்றுவார்" என்று கையெழுத்து வைத்திருக்கிறேன்.

அடுத்து அவர் கால்வாய்க் கரைக்குப் போனார். எனக்கு இது தெரியும் என்று நான் டேப்போடு தயாராக நின்றேன். வர்த்தமானியின் மூன்றாம் பகுதியில் உணர்திறன் மிக்க இடங்கள் என்று ஒரு பட்டியல் உண்டு. அதில் ஒன்று, 25 மீட்டருக்கு மேல் அகலமான பொது நீரோடையின் கரையிலிருந்து 60 மீட்டருக்குள் வரும் இடம். அப்படிப்பட்ட இடத்தில் வந்தால், முதல் பகுதியில் சொன்ன திட்டங்கள் எவ்வளவு சிறியதானாலும் அனுமதி வேண்டும். எங்கள் இடத்தில் அகலத்தை அளந்து காட்டி விஷயத்தை முடித்துவிடலாம் என்பது என் கெட்டித்தனம். அவர் டேப்பைப் பார்த்தார். "சேர், உங்கள் லேன் முடிகிற இடத்தில் என்று அதில் இல்லை. அதன் ஓட்டத்தில் எந்த ஓர் இடத்திலும் என்று இருக்கிறது" என்றார். டேப்பைச் சுருட்டிப் பைக்குள் வைத்தேன்.

கடைசியில் எங்களைக் காப்பாற்றியது அகலம் இல்லை, சொல். முதல் பகுதி சொல்வது தேசிய, மாகாண நெடுஞ்சாலைகளை. மாநகர சபையின் லேன் அதற்குள் வராது. ஏழு கிழமையில் கடிதம் வந்தது, சிங்களத்தில். லேன் கூட்டத்தில் வரி வரியாகத் தமிழில் வாசித்துச் சொன்னேன். இது விதித்துரைக்கப்பட்ட கருத்திட்டம், அதாவது அந்த முன் அனுமதிப் பட்டியலில் வரும் திட்டம், அல்ல, சுற்றாடல் தாக்க மதிப்பீடோ ஆரம்ப சுற்றாடல் ஆய்வோ தேவையில்லை. எல்லாரும் கை தட்டினார்கள். "இன்னும் முடியேல்லை" என்று அடுத்த பக்கத்தைத் திருப்பினேன். தோண்டிய மண் எங்கே போகிறது என்று எழுத்தில் காட்ட வேண்டும், பள்ளக் காணியிலோ கால்வாய்க் கரையிலோ கொட்டக்கூடாது. கால்வாய்க்கு முன்னால் மண்டி படியும் தொட்டி வேண்டும். இரவு வேலை வேண்டாம். 1996ஆம் ஆண்டு இரைச்சல் ஒழுங்குவிதிப்படி கட்டுமான வேலைக்குப் பகலில் 75 டெசிபெல், இரவில் 50. கடைசியாக, வீட்டுக் கழிவுநீர் மழைக்கானுக்குள் வரக்கூடாது.

அந்தக் கடைசி நிபந்தனை லேனில் ஒரு சின்னப் போரையே கிளப்பியது. யாரைக் கேட்டாலும் "எங்கட வீட்டுத் தண்ணி சூவரேஜுக்குத்தான் போகுது." கொழும்பின் கழிவுநீர்க் குழாய்கள் நூறு வருடத்துக்கு மேல் பழையவை. இந்தப் பக்கத்துக் கழிவு வெள்ளவத்தையில் கடலுக்குள் போகிறது. சரி, பார்ப்போம் என்று கடையில் துணிக்குப் போடும் நீலம் வாங்கினேன். ஒரு சனிக்கிழமை காலை. நான் வீடு வீடாகப் போய், குளியலறையிலும் குசினித் தொட்டியிலும் நீலத்தைக் கரைத்து ஒரு வாளி தண்ணீர் ஊற்றினேன். பக்கத்து வீட்டு அண்ணையின் மகன் கீழே கானின் வாயில் குந்தியிருந்தான். முதல் இரண்டு வீடும் ஒன்றுமில்லை. மூன்றாம் வீட்டில் ஊற்றி ஒரு நிமிடம் போக முன்னமே "அங்கிள், நீலம்!" என்று லேன் முழுக்கக் கேட்கக் கத்தினான். பிடித்தது 26இல் ஏழு வீடு. அதில் ஒன்று என்னுடையது. முந்திய சொந்தக்காரர் சலவை இயந்திரத்தின் குழாயைக் கானுக்குத் திருப்பிவிட்டிருந்தார். பதினைந்து வருடமாக என் வீட்டுச் சவர்க்கார நுரை கால்வாய்க்குப் போயிருக்கிறது. ஒரு விதத்தில் அது உதவியது. என்னுடையதை முதலில் மாற்றிவிட்டுத்தான் மற்ற ஆறு பேரிடமும் போனேன்.

அடுத்தது இலங்கை காணி அபிவிருத்திக் கூட்டுத்தாபனம். கொழும்பின் கால்வாய்களைப் பராமரிப்பது அவர்கள். கால்வாய்க்குள் எதைத் திறந்துவிடுவதானாலும் அவர்களிடம் வடிகால் அனுமதி எடுக்க வேண்டும். 2010 வெள்ளத்துக்குப் பிறகு, 2012இல் தொடங்கிய உலக வங்கித் திட்டத்தில் இந்தக் கால்வாய்த் தொகுதியில் நிறைய வேலை நடந்தது. அதனால் ஆளுக்கொரு துளை போட அவர்கள் விடப்போவதில்லை, விடவும் கூடாது. அங்கே என் கணக்கைப் பார்த்தவர் வயதானவர், பேச்சுக் குறைவு. விநாடிக்கு 480 லீட்டர் என்ற இடத்தில் பென்சிலால் ஒரு கேள்விக்குறி. "கால்வாய் நிரம்பி இருக்கும்போது?" அவ்வளவுதான் கேட்டார்.

நான் போட்டிருந்தது கால்வாய் தாழ்ந்திருக்கும் நாளின் கணக்கு. மழை நேரத்தில் கால்வாயும் ஏறும். எங்கள் கானின் வாய் தண்ணீருக்குள் மூழ்கும். அப்போது சரிவு ஏது, வேகம் ஏது? கால்வாய்த் தண்ணீர் கான் வழியாகத் திரும்பி லேனுக்குள் வரும். டீச்சர் வீட்டுக்கு வந்தது மழைத் தண்ணீரா கால்வாய்த் தண்ணீரா என்று அதுவரை நான் யோசித்தே இல்லை. வாயில் ஒரு தட்டுக் கதவு வைக்கச் சொன்னார். தண்ணீர் வெளியே போகும்போது திறக்கும், வெளியிலிருந்து அழுத்தினால் தானாக மூடும். மூடியிருக்கும் நேரத்தில் லேன் தண்ணீர் எங்கே நிற்கும் என்பதையும் கணக்குப் போட்டுக் கொண்டுவா என்றார். கானைக் கடைசி 60 மீட்டருக்கு அகலமாக்கினேன், கொஞ்சமாவது தேங்கி நிற்கட்டும் என்று.

எழுந்து வரும்போதுதான் அவர் கேட்டார், கரையோரத் திணைக்களத்துக்குப் போனீர்களா என்று. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எங்கள் லேனுக்கும் கடலுக்கும் நடுவில் காலி வீதி இருக்கிறது, ரயில் பாதை இருக்கிறது. கடல் எங்களுக்குத் தெரியாது, மணக்காது. ஆனால் சட்டத்துக்குத் தெரிகிறது. 1981ஆம் ஆண்டு 57ஆம் இலக்கக் கரையோரப் பாதுகாப்புச் சட்டத்தில் கரையோர வலயம் கரையிலிருந்து உள்ளே 300 மீட்டர் என்பது பலருக்குத் தெரியும். அதே வாசகத்தின் அடுத்த பாதியை நான் வாசித்ததில்லை. கடலோடு தொடுக்கும் ஆறு, ஓடை, களப்பு என்றால், முகத்துவாரத்திலிருந்து உள்ளே இரண்டு கிலோமீட்டர் வரைக்கும் அந்த வலயம் நீளும். எங்கள் கால்வாய் கடலில் விழுகிறது. வீட்டுக்கு வந்து வரைபடத்தில் கோடு போட்டுப் பார்த்தேன். உள்ளேதான் இருந்தோம். திணைக்களம் இருக்கும் மாளிகாவத்தைக்கு நாலு தடவை ஓட்டோவில் போய்வந்தேன்.

இந்த இடத்தில் வேலை ஒரு மாதத்துக்கு மேல் நின்றது. ஓர் அலுவலகம் மற்றதன் கடிதம் வந்த பிறகுதான் பார்ப்போம் என்றது. மற்றது இதன் கடிதம் இல்லாமல் கோப்பைத் திறக்காது. பெயர் எதற்கு, கொழும்பில் கோப்பு எடுத்துப் போன எல்லாருக்கும் இது நடந்திருக்கும். இரண்டு கவுண்டருக்கும் நடுவில் பந்து மாதிரித் திரிந்தபோது, ஓர் எழுதுவினைஞர் அக்கா இரக்கப்பட்டு வழி சொன்னார். முழு அனுமதி கேட்காதீர்கள், கொள்கையளவில் ஆட்சேபனை இல்லை என்று ஒரு கடிதம் கேளுங்கள், அதை யாரும் தருவார்கள். தந்தார்கள், பத்து நாளில். இதை வாசிப்பவர்களில் யாராவது இப்படி ஒரு வேலையில் இறங்கினால், முதல் நாளே அந்தக் கடிதத்தைக் கேளுங்கள். எல்லா இடத்துக்கும் ஒரே நாளில் விண்ணப்பியுங்கள். நான் ஒன்றன்பின் ஒன்றாகப் போய் ஒரு மழைக்காலத்தைத் தொலைத்தேன்.

பலாமரம் பற்றியும் சொல்ல வேண்டும், சுருக்கமாக. 14ஆம் வீட்டு மதிலைப் பிளந்துகொண்டு பாதி மரம் வீதியில் நின்றது. பலாவை வெட்ட 1951ஆம் ஆண்டுச் சட்டப்படி பிரதேச செயலாளரின் அனுமதி வேண்டும். திம்பிரிகஸ்யாய செயலகத்துக்கு இன்னொரு கோப்பா என்று நினைக்கவே களைப்பாக இருந்தது. கானை மறுபக்கத்துக்கு வளைத்தேன். வருடா வருடம் எனக்கு இரண்டு பலாப்பழம் வருகிறது.

இதையெல்லாம்விடக் கடினமான அனுமதி லேனுக்குள்ளேயே இருந்தது. டீச்சரின் மூன்று படியும் வெளியே தெரியும் அளவுக்கு வீதியைத் தாழ்த்த வேண்டும் என்பது என் வடிவமைப்பு. பழைய தார் எல்லாவற்றையும் கிளப்பி, சதுப்பு மண்ணில் கொஞ்சம் எடுத்து, மண்ணைப் பிரிக்கும் துணி விரித்து, மண் நிரப்பி, உடைத்த கருங்கல் கலவையான ஏ.பி.சி. போட்டு, மேலே 80 மில்லிமீட்டர் இன்டர்லொக் கல். கல்லுக்குக் காரணம், நாளைக்குத் தண்ணீர்க்காரர் வந்து வெட்டினாலும் கழற்றித் திரும்பப் பதிக்கலாம் என்பதுதான். டீச்சருக்குச் சந்தோஷம். ஆனால் 9ஆம் வீட்டுக்காரர் 2018இல் பெரிய செலவு செய்து, உயர்ந்துவிட்ட வீதிக்கு ஏற்றபடி முற்றத்தையும் கேட்டையும் உயர்த்தியவர். "நான் காசைக் கொட்டி உயர்த்தினது, நீங்கள் பதிக்கவோ? என்ர காரின்ர வயிறு இடிக்கும்" என்றார். அவர் பக்கத்தில் நியாயம் இருக்கிறது. அவரைப்போல் ஐந்து வீடு. வீதி உயர்ந்தபோது உயர்த்த வசதி இருந்தவர்கள் உயர்த்தினார்கள், இல்லாதவர்கள் பள்ளத்தில் போனார்கள். இரண்டு கூட்டம், ஒரு சண்டை, ஒரு வீட்டில் மூன்று மாதம் பேச்சு வார்த்தை இல்லை. கடைசியில் அந்த ஐந்து கேட்டுக்கும் வீட்டு எல்லைக்கு உள்ளே ஆரம்பிக்கும் சரிவைத் தனித்தனியாக வரைந்து, அவருடைய காரின் அடிவயிற்று உயரத்தை முழங்காலில் குந்தி அளந்து, இடிக்காது என்று காட்டினேன். வீதிக்குள் நீட்டிய பழைய சரிவுகள் போயின. சுவாமி மாடத்தை அதன் சொந்தக்காரரே நல்ல நாள் பார்த்து உள்ளே எடுத்துக்கொண்டார்.

வேலை 2025 ஜனவரியில் தொடங்கியது. ஜனவரி, பெப்ரவரிதான் கொழும்பில் மழை குறைவு. மூன்றாம் நாளே, காலை ஏழரைக்கு, வெட்டும் இயந்திரம் ஒரு பழைய வார்ப்பிரும்புத் தண்ணீர்க் குழாயை உடைத்தது. வரைபடத்தில் அது இடது பக்கம், நிலத்தில் வலது பக்கம். அன்று பின்னேரம் வரை லேனுக்குப் பவுசரில் தண்ணீர். வரைபடத்தைத் திட்டிக்கொண்டிருந்தேன். ஆனால் உண்மையில், கையால் வெட்டும் சோதனைக் குழி பத்துப் போட வேண்டிய இடத்தில் மூன்றோடு நிறுத்தியது நான்.

மண்ணுக்குத் துண்டு முறை வைத்தோம். இரண்டு கியூப் லொறி ஒவ்வொன்றும் வெளியே போகும்போது இலக்கம், நேரம். கொட்டும் இடத்தில் ஒரு கையெழுத்து. இரவு டீச்சர் கண்ணாடி போட்டுக்கொண்டு துண்டுகளை எண்ணுவார். பள்ளிக்கூடத்தில் வரவு எடுத்த கை அல்லவா. நூற்றுக்கு மேற்பட்ட லோட்டில் இரண்டு துண்டு குறைந்தது. "தம்பி, ரெண்டு பேர் பள்ளிக்கூடம் வரேல்லை" என்றார். சாரதியை விசாரித்தால், வீட்டுக்குப் போகிற வழியில் யாரோ வீடு கட்டுகிறவர் கேட்டாராம், பள்ளக் காணியாம், கொடுத்துவிட்டாராம். அடுத்த நாள் அதே சாரதியையும் லொறியையும் கூட்டிக்கொண்டு போய் அள்ளிக்கொண்டு வந்தோம். இரண்டு லோட்டுக்கு இவ்வளவா என்று ஒப்பந்தக்காரர் முணுமுணுத்தார்.

மே மாதக் கடைசியில் ஒரு இரவு நல்ல மழை. பத்து மணிக்கு டோர்ச்சோடு வெளியே வந்தேன். எனக்கு முன்னால் அரைவாசி லேன் குடையோடு கால்வாய் முனையில் நின்றது. 9ஆம் வீட்டுக்காரரும் நின்றார். கால்வாய் ஏறியிருந்தது, தட்டுக் கதவு மூடியிருந்தது. லேனின் கடைசிப் பகுதியில் தண்ணீர் மெல்ல மெல்லக் கல்லுக்கு மேல் வந்தது. கணுக்கால் அளவு. யாரும் பேசவில்லை, என்னைத்தான் பார்த்தார்கள். ஒரு மணித்தியாலத்துக்குக் கிட்ட அப்படியே நின்றது. டீச்சரின் முதல் படி நனைந்தது, இரண்டாவது நனையவில்லை. மழை தணிந்து கால்வாய் இறங்கத் தொடங்கியதும், கதவு ஒரு தடவை "டொங்" என்று அடித்துத் திறந்தது. சுழித்துக்கொண்டு போனது தண்ணீர்.

இதற்கிடையில் மே 6இல் தேர்தல் நடந்து சபைக்கு உறுப்பினர்கள் வந்துவிட்டார்கள். ஜூனில் ஒருவர் வந்து லேனைச் சுற்றிப் பார்த்தார். நல்ல மனிதர். பக்கத்து லேனுக்கு ஒதுக்கீடு வந்திருக்கிறது, கொஞ்சம் மிஞ்சும், இந்தக் கல்லுக்கு மேலே அழகாகக் காப்பெட் போட்டுத் தரச் சொல்லட்டுமா என்று கேட்டார். டீச்சர் அவரைக் கூட்டிக்கொண்டு போய் மூன்று படியையும் காட்டினார். அன்றே 26 வீட்டுக் கையெழுத்தோடு, எங்களுக்குக் காப்பெட் வேண்டாம் என்று கடிதம் எழுதிக் கொடுத்தோம். பதிவுத் தபாலில் பிரதியும் அனுப்பியிருக்கிறேன். இன்னும் பதில் வரவில்லை.